மறுநாள் கிடார்

பொன்மலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தை கூடும். வெயில் கொஞ்சம் இறங்கி, கருவாட்டுக்கடைப் பக்கம் நெரிசல் குறைகிற நான்கு மணிவாக்கில், சந்தையை ஒட்டி இருக்கும் கமாலுதீனின் ரேடியோ ரிப்பேர் கடையில் கிடார்க்காரர்களும் கூடுவார்கள். கோவில் பாடற்குழுவில் வாசிக்கிறவர், கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனக்கு மட்டும் வாசிக்கிறவர், கிடார் வாங்கி நான்கு வருடமாகியும் விரல்களைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கார்டுகளில் மூன்றைத் தாண்டாதவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பி மெல்லிசாக இருப்பது நல்லதா தடிமனாக இருப்பது நல்லதா என்று ஆரம்பித்து, காவிரிக் காற்று ஈரத்துக்குக் கம்பி துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவலாமா என்று சண்டை போட்டு, ஜெனரேட்டர் ஓடுகிற திருவிழா மேடையில் ஸ்பீக்கர் உறுமாமலிருக்க எந்த ஒயரை எங்கே கட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த முடிவுக்கும் வராமல் கலைந்து போவார்கள். அடுத்த ஞாயிறு அதே பேச்சு அதே இடத்திலிருந்து தொடங்கும்.

அந்தக் கூட்டத்தில் நான்கு பேரைச் சொன்னால் போதும்.

கடைக்காரர் கமாலுதீன் ஆம்ப், மைக், ஸ்பீக்கர் எல்லாம் பழுது பார்ப்பார். கிடாரில் எந்தக் கோளாறு என்றாலும் எர்த் சரியில்லை என்பதுதான் அவர் சொல்லும் முதல் காரணம். தஸ்நேவிஸ் ஒர்க்‌ஷாப்பில் தச்சுப் பிரிவில் இருந்தார். லீவு நாட்களில் உட்கார்ந்து வருடத்துக்கு ஒரு கிடார் செய்வார், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கிப் போகும் சின்னத் துண்டைக் கறிக்கடையில் வாங்கின மாட்டெலும்பை வேகவைத்துச் சீவித் தானே செய்வார், பிளாஸ்டிக் துண்டு போட்ட கிடாரைக் கையால் தொடமாட்டார். பூபாலன் பெரிய மெல்லிசைக் குழு வைத்திருந்தவர், மாவட்டத்தில் அவர் லீடு கிடார் கேட்காத திருவிழா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வாதம் வந்து இடது கை விரல்கள் மடங்காமல் போனதிலிருந்து அவருடைய கிடார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, குழுவில் டிரம்ஸும் தபேலாவும் மட்டும் மிஞ்சின, கீபோர்டு வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார்.

நான்காவது ஆள் ஜெசிந்தா. நாற்பது வயது. ஆர்மரி கேட் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. குழந்தைக்கும் கிழவருக்கும் நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடிப்பாள், கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு லால்குடி தாண்டி ஒரு ஊர்த் தேர்த்திருவிழாவில், பூபாலன் குழுவில் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, அறிவிப்பாளர் குஷியாகி, "பாருங்க மக்களே, பொம்பளப்புள்ள கிடார் வாசிக்குது, லைட்ட அந்தப் பக்கம் அடிங்க" என்று கத்த, மூவாயிரம் பேர் முகமும் விளக்கும் ஒன்றாக அவள்மேல் திரும்ப, அவள் விரல்கள் கம்பியின் மேல் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டன. எடுக்கவும் வரவில்லை, அழுத்தவும் வரவில்லை. கூட்டம் ஊளையிட்டது. பூபாலன் தன் வாசிப்பால் அந்தப் பாட்டை எப்படியோ கரைசேர்த்தார், திரும்பி வரும்போது வேனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த கச்சேரிக்கும் கூப்பிட்டார். அவள்தான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமாலுதீன் கடைக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் தஸ்நேவிஸ் ஜெசிந்தாவுக்காக ஒரு கிடார் செய்து முடித்தார். இடித்துப் போட்ட ஒரு சினிமா டாக்கீஸின் திரைச்சட்டத்துத் தேக்குப் பலகை அது, எழுபது வருடம் காய்ந்தது, விரலால் தட்டினால் மணி மாதிரி பேசும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஜெசிந்தா மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்து, மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"கம்பியில கை படுதா?" என்றார் தஸ்நேவிஸ்.

"படுதுண்ணே. நல்லா அதிருது. நெஞ்சுல தெரியுது. சத்தந்தான் வரல."

மறுபடி இழுத்தாள். கம்பிகள் நிழலாக அதிர்ந்தன, அவ்வளவுதான். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கம்பியை மாற்று என்றார் ஒருவர், கம்பியைத் தூக்கிக் கட்டு என்றார் இன்னொருவர், உள்ளே மரத்தாங்கல் தடிமனாகிவிட்டது என்றார் மூன்று கார்டு மட்டும் தெரிந்தவர். கமாலுதீன் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எர்த் சரியில்ல" என்றார். "பாய், இதுல கரண்டே இல்ல" என்றார் பூபாலன். "அதான் சொல்றேன்" என்றார் கமாலுதீன். தஸ்நேவிஸ் யாரையும் பார்க்காமல் கிடாரைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார், அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கமாலுதீன் தனியாக உட்கார்ந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஆளில்லாத பெஞ்சிலிருந்து, நேற்று ஜெசிந்தா உட்கார்ந்திருந்த அதே இடத்தில், இடுப்பு உயரத்தில், வட்டமாக, நிறைவாக, மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒரு கார்டு ஒலித்தது. சிறிது நேரம் விட்டு இன்னொன்று. கமாலுதீன் பற்றவைக்கிற கோலை ஸ்டாண்டில் வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு பில்லின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்தார், தஸ்நேவிஸுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஒங்க கிடார் சத்தம் வந்துருச்சு. ஒரு நாள் லேட்டு, அவ்வளவுதான். என்னா தொனிங்கிறீங்க, அப்படியே தேனு."

தஸ்நேவிஸ் போனைக் காதில் வைத்தபடியே, வேலை செய்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அப்படித்தான் அந்த விஷயம் பொன்மலைக்குத் தெரிய வந்தது. யார் வாசித்தாலும், எங்கே வாசித்தாலும், அந்தக் கிடாரின் சத்தம் சரியாக இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, வாசித்த அதே இடத்தில் எழுந்தது. அந்த டாக்கீஸில் படம் பார்த்தவர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அங்கே எப்போதும் கதாநாயகி வாயை மூடின பிறகுதான் வசனம் வந்து சேரும், அந்தப் பலகைக்கு அதுதான் பழக்கம் என்றார்கள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் ஊருக்கு முக்கியமாக இருந்தது.

முதலில் கேட்டவர் டீக்கடைக்காரர். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுகிற காலை நேரத்துக் கூட்டத்துக்கு நாலு பாட்டு வேண்டும் என்றார், ஜெசிந்தா முந்தின நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனாள், மறுநாள் ஆளில்லாத பெஞ்சிலிருந்து வந்த பாட்டைக் கேட்டபடி எழுபது பேர் டீ குடித்தார்கள், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை, புதிதாக வந்த ஒருவர் உட்காரப் போனபோது "அங்க ஆள் இருக்கு" என்று தடுத்தார்கள். பிறகு கோவிலில் கேட்டார்கள். ஞாயிறு பூசைக்குச் சனிக்கிழமையே வாசித்தால் அது எந்த நாள் கணக்கில் சேரும் என்று பங்குத்தந்தை இரண்டு நாள் யோசித்து, "ஆண்டவருக்கு நேத்து இன்னைக்கெல்லாம் ஒண்ணுதாம்மா, நீ நேரத்துக்கு வந்தாப் போதும்" என்று முடிவு சொன்னார். கல்யாண வீட்டுக்காரர்கள் எப்படியும் மண்டபத்தை முதல் நாளே எடுத்துவிடுகிறவர்கள், அவர்களுக்குச் சங்கடமே இல்லை. வாடகை வீட்டுச் சொந்தக்காரரோடு மனஸ்தாபத்தில் இருந்த ஒரு கிடார்க்காரர் அதை ஒரு மதியத்துக்கு இரவல் வாங்கி, அவர் தூங்குகிற நேரத்தில் வாசலில் நின்று முப்பது நிமிடம் சுரண்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்குச் சாட்சிகளோடு சமயபுரத்துக்குப் போய்விட்டார் என்றும் பேசிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் பழகுவாள், அது மறுநாள் ஆறு மணிக்குக் கேட்கும். வேலை முடிந்து வர அவளுக்குச் சில நாள் நேரமாகிவிடும், பூட்டின வீட்டுக்குள்ளிருந்து வருகிற பாட்டைக் கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு ரொசாரியம்மா கீரை ஆய்வார், மறுநாள் தண்ணீர்க்குழாயடியில், "நேத்து ரெண்டாவது பாட்டுல நடுவுல தடுக்கிட்டியேடி" என்பார். ஜெசிந்தாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கேட்காமல் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். கமாலுதீன் ஒரு கிளிப் ட்யூனர் கொடுத்தார், சத்தத்தைக் கேட்காமல் மரத்தின் அதிர்வை வைத்தே கம்பி சுருதியில் நிற்கிறதா என்று காட்டுகிற சின்னப் பெட்டி அது, கிடாரின் தலையில் கவ்விக்கொண்டு நிற்கும். மற்றதையெல்லாம் விரல் நுனியிலும் நெஞ்செலும்பிலும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் மாறிப்போனது. வாசிக்கும்போது உனக்கு என்ன தெரிகிறது என்று அவளைக் கேட்டார்கள், மூன்று கார்டுக்காரர் கண்ணை மூடி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பழகி, ஐந்து கார்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் அவளுக்கு அந்தக் கிடார் ஏன் பிடித்தது என்பதை அவள் பூபாலனிடம் மட்டும்தான் சொன்னாள்.

"வாசிக்கும்போது யாரும் இருக்க மாட்டாங்கண்ணே. கேக்கும்போது நான் இருக்க மாட்டேன். எனக்கு இது போதும்."

பூபாலன் மடங்காத இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி. அப்ப என் குழுவுக்கு வா."

சந்தை வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா திங்கட்கிழமை சாயங்காலம், சந்தை மைதானத்திலேயே. பூபாலன் குழுவின் கச்சேரி, எட்டுப் பாட்டு. மேடையை ஒரு நாள் முன்னதாகவே போட்டுத் தர வேண்டும் என்று கேட்டபோது சங்கத் தலைவர், ஒரு மிளகாய் வியாபாரி, மறுநாள் கிடார் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்னதாகவே போடுகிறேன் என்றார். ஏழு பாட்டு எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள், குரலில்லாமல் வாத்தியத்தில் மட்டும். ஐந்தாவது மட்டும் புதிது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூபாலன் வலது கையால் எழுதின வரிகள், ஜெசிந்தா மெட்டுப் போட்டது. அதில் டிரம்ஸ் கிடையாது, தபேலா கிடையாது, ஒரு கிடாரும் ஒரு குரலும் மட்டும்.

*கொடியில காயுற சட்டைக்கு*
*கை ரெண்டும் சரியா இருக்கு*

என்று அது தொடங்கும். வாதம் வந்த பிறகு பூபாலன் மேடையில் பாடப்போகிற முதல் பாட்டு அது. மூச்சு முன்போல நிற்பதில்லை, கிடார் கீழே தாங்கிக்கொண்டே வந்தால்தான் சுருதி பிடிபடும்.

முந்தின நாள் ஞாயிறு. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜெசிந்தா புது மேடையில் ஏறி உட்கார்ந்தாள். கீழே சந்தை கலைந்துகொண்டிருந்தது, தராசுகளை மடக்கினார்கள், வெங்காய மூட்டைகளைத் தைத்தார்கள், மிஞ்சின தக்காளியைக் கூவிக்கூவிக் கழித்தார்கள், மேடையில் சத்தமில்லாமல் வாசிக்கிறவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கமாலுதீன் அவள் நாற்காலியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார், மறுநாள் மைக்கை அங்கேதான் வைக்க வேண்டும். பூபாலன் எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்து எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டே, மெதுவாக உடன் பாடினார். நான்கு பாட்டு நன்றாகப் போயின. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஐந்தாவது பாட்டு. ஒரு நிமிட முன்வாசிப்பு முடிந்து, பூபாலன் முதல் வரிக்கு வாயெடுத்தபோது, நான்காவது கம்பி அறுந்து ஜெசிந்தாவின் புறங்கையில் சாட்டை மாதிரி அடித்தது.

"கம்பி!" என்றாள்.

"கீழ எறங்கு, கீழ எறங்கு!" என்று கத்தினார் பூபாலன். "மேடையில வச்சு முறுக்காத, நாளைக்கு ஞொய்யி ஞொய்யினு அம்புட்டும் கேக்கும்!"

அவள் ஓடினாள். வெங்காயக் கடைக்குப் பின்னால் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, தஸ்நேவிஸ் நீட்டின புதுக் கம்பியை மாட்டி, முறுக்கி, ட்யூனரின் விளக்கு பச்சையாகும் வரை இழுத்து, புதுக் கம்பி நெகிழ்ந்து இறங்க மறுபடி இழுத்து, மேடையில் ஏறியபோது ஆறாவது பாட்டுக்கான நேரம் வந்துவிட்டது. மீதி மூன்று பாட்டையும் பிசகில்லாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்கு ஏழு பதினொன்றுக்குக் கம்பி அறுந்துவிடும். அதை இனி யாராலும் தடுக்க முடியாது. நான்கு நிமிடம் பூபாலன் மைக் முன்னால் தனியாக நிற்பார்.

கமாலுதீன் கடையில் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பாட்டையே எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். "முன்வாசிப்பு ஒரு நிமிஷம் வந்தே தீருமே, அதை எங்க கொண்டு வைக்கிறது" என்றார் தஸ்நேவிஸ். அறிவிப்பாளரை விட்டு ஜோக் சொல்லச் சொல்லலாம், பரிசுச் சீட்டுக் குலுக்கலாம், ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம் என்றெல்லாம் பேசினார்கள். பிறகு ஆளாளுக்கு, நான் வாசிக்கிறேன், கார்டு மட்டும் சொல்லிக்கொடு என்று முன்வந்தார்கள், மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்தவரும் கையைத் தூக்கினார். பூபாலன், "யாரும் வேணாம்ப்பா. நான் சும்மாவே பாடிக்கிறேன். போற வரைக்கும் போகுது" என்றார். அவர் குரல் அப்போதே சற்று இழுத்துக்கொண்டுதான் வந்தது.

ஜெசிந்தா புறங்கையில் கன்றியிருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கிடாரக் குடுங்கண்ணே" என்றாள்.

"எந்தக் கிடாரு?"

"பெட்டியில கெடக்குதே, அது. நாளைக்கு அந்த நாலு நிமிஷம் நான் வாசிக்கிறேன்."

 அவளுக்கு மேடையில் என்ன நடந்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஆளுங்க இருப்பாங்கம்மா" என்றார் பூபாலன் மெதுவாக.

"தெரியும்ணே."

இரண்டு வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறந்தார்கள். தஸ்நேவிஸ் கம்பியெல்லாம் கழற்றிப் புதிது மாட்டினார், கழுத்தில் குறுக்கே பதித்திருந்த ஃப்ரெட்டுகளில் படிந்திருந்த பச்சையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார், பிளாஸ்டிக் துண்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கமாலுதீன் உள்ளே இருந்த ஒயரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார். எர்த்தில் கொஞ்சம் தகராறு இருக்கத்தான் செய்தது, அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பத்து வருடத்துச் சந்தோஷம் தெரிந்தது.

திங்கட்கிழமை ஜெசிந்தா முப்பத்தொரு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒருவருக்கும் இரண்டாவது தடவை குத்தவில்லை. சாயங்காலம் அவள் மைதானத்துக்கு வந்தபோது தரை தெரியாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். அவள் மேடைக்குப் பின்னால் நின்றாள்.

ஆறரைக்கு, சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்த வெறும் நாற்காலியிலிருந்து கிடார் புறப்பட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. டிரம்ஸும் தபேலாவும் நேற்றைய வாசிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடின, அது யாருக்காகவும் நிற்காது, எனவே அறிவிப்பாளர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை, பேச முடியாமல் அவர் தவித்ததைப் பார்த்து முன்வரிசையில் சிரித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஜெசிந்தா முதல் தடவையாகத் தன் வாசிப்பை ஆட்களோடு சேர்ந்து கேட்டாள். நன்றாக இருந்தது. அவளுக்கே நன்றாக இருந்தது, அதனால் பயம் இன்னும் கூடிற்று.

ஏழு பத்து. வெறும் நாற்காலி ஐந்தாவது பாட்டின் முன்வாசிப்பைத் தொடங்கியது. பூபாலன் மைக்கைப் பிடித்தார். ஜெசிந்தா அவருடைய கிடாரை மாட்டிக்கொண்டு படியேறினாள். விளக்குக்காரர் அவளைக் கண்டதும் விளக்கைத் திருப்பினார். அவருக்கு அது பழக்கம். மூன்று வருடத்துக்கு முந்தின அதே வெளிச்சம், அதே முகங்கள். டங்கென்று நேற்றைய கம்பி அறுந்தது.  அவள் விரல்களை வைத்தாள். விரல்கள் வைத்த இடத்தில் நின்றன.

பூபாலன் திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பத்து நொடி, இருபது, முப்பது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

அப்போது வெங்காயக் கடைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டொய்ங். டொய்ங். டொ-ய்-ய்-ங். ஒரு புதுக் கம்பி முறுக்கேறுகிறது, மேலே போகிறது, தாண்டிவிடுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யாரோ உள்ளாற கம்பி கட்டறாங்கடி!" என்றது ஒரு குரல். ஜெசிந்தாவுக்கு அந்த ஆளைத் தெரியும். மூட்டையின் மேல் உட்கார்ந்து, நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, புறங்கை எரிய, அவசர அவசரமாக, எப்படியும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போகவில்லை. திரும்பி வருவதற்காகத்தான் போயிருக்கிறாள். ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் இறங்கிற்று, தோள் இறங்கினதில் மணிக்கட்டு இளகிற்று, கை கீழே வந்தது, கிடார் ஒலித்தது.

அந்தக் கணமே ஒலித்தது. கையை எடுக்கும் முன்னாலேயே காதுக்கு வந்துவிட்டது. இத்தனை மாதம் கழித்து அது அவளைத் தூக்கிவாரிப்போட்டது, பக்கத்திலேயே யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அவள் இன்னொரு தடவை இழுத்தாள். பூபாலன் பாட ஆரம்பித்தார். குரல் இரண்டாவது வரியில் சரிந்தபோது அவள் கொஞ்சம் மெதுவாகிக் காத்திருந்தாள், மூச்சு வாங்கினபோது ஒரு சுற்றுக் கூட வாசித்து இடம் கொடுத்தாள். வெறும் நாற்காலி இதைச் செய்திருக்காது. வாசிக்கும்போது எதிரே ஒரு ஆள் இருந்தால் என்ன செய்யலாம் என்பது அவள் விரலுக்கு ஞாபகம் வந்தது. வெங்காயக் கடைப் பக்கத்துப் பெண்களும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். சட்டைக்குக் கை இருக்கிற வரி திரும்பவும் வந்தபோது, பூபாலன் தன் இடது கையை வலது கையால் எடுத்து உயர்த்திக் காட்டினார், கூட்டத்தில் பலர் முந்தானையையும் துண்டையும் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசி வரி முடிந்ததும் கைதட்டலுக்குக்கூட நேரமில்லாமல், ஏழு பதினாறுக்கு, நேற்றைய கிடார் வெறும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஆறாவது பாட்டைத் தொடங்கிற்று. ஜெசிந்தா இறங்கிப் போக வேண்டிய இடம் அது. அவள் போகவில்லை. நாற்காலியின் பக்கத்தில் நின்று, தான் வாசிப்பதைக் கேட்டு, அதற்கு மேலே ஒரு அடுக்கு வாசித்தாள். எங்கே எந்தக் கார்டு வரும் என்பது அவளுக்குத்தானே தெரியும். நேற்று அவசரப்பட்ட இடத்தில் இன்று நிதானமாக நின்றாள், நேற்று வெறுமையாக விட்ட இடத்தில் இன்று சின்னதாக ஒரு பூ வைத்தாள். ஒரு ஆளின் இரண்டு கிடார். டிரம்ஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே அடித்தார், மேடைக்குக் கீழே தஸ்நேவிஸ் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார், கிடார்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் முதல்முறையாக ஒருவருக்கொருவர் யோசனை சொல்லாமல் பாட்டு கேட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு.

எட்டாவது பாட்டோடு நேற்றைய கிடார் ஓய்ந்தது. சாக்பீஸ் வட்டத்துக்குள் நாற்காலி வெறும் நாற்காலியாயிற்று. அறிவிப்பாளர் ஆவலாக மைக்கை எடுத்தார், ஆனால் அவரைப் பேச விடாமல் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, மிளகாய் வியாபாரி மேடைக்குக் கீழே வந்து நின்று, "இன்னொண்ணு! இன்னொண்ணு வேணும்!" என்று கத்தினார், பின்னாலிருந்து எல்லோரும் அதையே கத்தினார்கள்.

பூபாலன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் எட்டுக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நேற்று அதற்கு மேல் யாரும் எதுவும் வாசித்திருக்கவில்லை.

"என்ன செய்யலாம்ணே?" என்றாள் ஜெசிந்தா.

"நீ ஆரம்பி. எதுவா இருந்தாலும் நான் பிடிச்சுக்கறேன்."

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு விளக்குக்குக் கீழே இருந்த முகங்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அவள் நரம்பு பார்த்துக் குத்தின கைகள் எத்தனையோ அதில் இருந்தன, எல்லாம் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சைக்கிள்கள், சைக்கிள்களுக்குப் பின்னால் காலியான கடைகள், அதற்கும் பின்னால் மழை வரலாமா என்று யோசிக்கிற வானம். என்ன பாட்டு என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. தோளில் மாட்டியிருந்த கிடாரில் விரலை வைத்தாள், அழுத்தினாள், தொடங்கினாள்.